தொண்டைக்கு விழுங்கிய மாத்திரையும் தோற்றுப்போகும் அல்சர் வைத்தியமும்

மருத்துவர் சீட்டில் ‘ஹெச்.பி. கிட்’ என்று எழுதியிருந்தால் மருந்துக் கடைக்காரர் சின்ன அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து வைப்பார். உள்ளே ஒரு நாளைக்கு ஒரு பட்டை. பட்டையில் காலைக்கு மூன்று மாத்திரை, இரவுக்கு மூன்று: அமிலத்தைக் குறைப்பது ஒன்று, ஆன்டிபயாடிக் இரண்டு. இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை விரட்ட முப்பது ஆண்டுகளாக உலகம் முழுக்க எழுதப்பட்டுவரும் வைத்தியம் ஏறக்குறைய இதுதான்.

1990களின் நடுவில் இந்த முக்கூட்டு மருந்து வந்தபோது பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் கிருமி ஒழிந்தது. அதுவரை ஆயுள் முழுக்க அல்சரோடு மல்லுக்கட்டியவர்கள் ஒரே வாரத்தில் குணமானார்கள். இன்று பல நாடுகளில் அதே கூட்டு எண்பது சதவீதத்தைத் தொடவே திணறுகிறது. “ஒரு வேளைகூட விடலை டாக்டர், முழு கோர்ஸும் சாப்பிட்டேன்” என்று சொல்லிக்கொண்டு நோயாளிகள் திரும்பி வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சொல்வது உண்மைதான். பெட்டியில் இருந்த மருந்தும் போலி இல்லை. கோளாறு நடந்தது அந்த வாரத்தில் அல்ல, பல வருடங்களுக்கு முன்னால். அதுவும் வயிற்றுக்காகச் சாப்பிட்ட மருந்தால் நடந்ததல்ல.

நான்கு வயதில் காதுவலிக்குக் குடித்த சிரப், கல்லூரியில் தொண்டை கட்டியபோது விழுங்கிய மூன்று நாள் மாத்திரை, கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போனபோது கடைக்காரர் கத்தரித்துக் கொடுத்த நான்கு மாத்திரை. இவை எதுவும் இரைப்பைக் கிருமியைக் குறிவைத்தவை அல்ல. ஆனால் எல்லாமே அதன் வழியாகத்தான் போயின.

ஆயுள் முழுக்க உடனிருக்கும் குடித்தனக்காரன்

ஹெச். பைலோரி பெரும்பாலும் சிறுவயதிலேயே வீட்டுக்குள் தொற்றுகிறது. அம்மாவிடமிருந்து, அண்ணன் தம்பிகளிடமிருந்து, அசுத்தமான தண்ணீரிலிருந்து. ஒருமுறை வந்துவிட்டால் மருந்து கொடுத்து விரட்டாதவரை அநேகமாகச் சாகும்வரை போகாது. உலகின் வளர்ந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களின் வயிற்றில் அது இருக்கிறது. இந்தியாவில் பாதிக்கும் மேல் என்றே பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன.

இரும்பை அரிக்கும் அமிலத்தில் ஒரு பாக்டீரியா எப்படிப் பிழைக்கிறது? அது யூரியேஸ் என்ற நொதியை ஏராளமாகச் சுரக்கிறது. அந்த நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்க, கிருமியைச் சுற்றி மட்டும் அமிலம் தணிந்துவிடுகிறது. பிறகு திருகாணி போன்ற தன் உடம்பைச் சுழற்றிக்கொண்டு இரைப்பைச் சுவரின் சளிப்படலத்துக்குள் புகுந்துவிடும். பெரும்பாலானோருக்கு வெளியே தெரியும்படி எதுவும் செய்யாது. பத்தில் ஒருவருக்கு, சில இடங்களில் அதற்கும் மேல், புண்ணாகிறது. நூற்றில் ஓரிருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994இலேயே இதைப் புகையிலை, கல்நார் இருக்கும் முதல் வகுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

அல்சருக்குக் காரணம் கவலையும் காரமும்தான் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் மேற்கு மூலையிலுள்ள பெர்த் நகர மருத்துவமனையில் நோய்க்கூறியல் வல்லுநர் ராபின் வாரன் 1979இல் இரைப்பைத் திசுத் துணுக்குகளில் வளைந்த பாக்டீரியாக்களைப் பார்த்தார். 1981இல் பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். கிருமியைச் சோதனைச் சாலையில் வளர்க்க எடுத்த முயற்சிகள் வரிசையாகத் தோற்றன. வழக்கமாக இரண்டு நாளில் எதுவும் முளைக்காவிட்டால் தட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் ஐந்து நாள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அவ்வளவு மெதுவாக வளரும் பாக்டீரியா. இந்தச் சோம்பேறித்தனம் பின்னால் நமக்கு வேறொரு தொல்லையாக வரப்போகிறது.

1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டதும், 2005இல் இருவரும் நோபல் பரிசு பெற்றதும் பலமுறை எழுதப்பட்ட கதை. அந்தக் கதையில் எல்லாரும் தாண்டிப் போகும் பகுதி ஒன்று உண்டு. குடிப்பதற்கு முன் மார்ஷல் என்ன செய்தார்? ஒரு நோயாளியின் வயிற்றிலிருந்து எடுத்த கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று சோதனைச் சாலையில் பார்த்தார். பிஸ்மத்தும் மெட்ரோனிடசோலும் வேலை செய்தன. அந்த நோயாளிக்கு அவற்றைக் கொடுத்தார். மறுபடி என்டோஸ்கோப்பி செய்து கிருமி போய்விட்டதை உறுதிப்படுத்திக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கிண்ணத்தை எடுத்தார்.

முதலில் எந்த மருந்துக்கு மசியும் என்று சோதனை, பிறகு போய்விட்டதா என்று சோதனை. துணிச்சலுக்குப் பேர் போன அந்த மனிதர் தவறாமல் செய்த இந்த இரண்டையும், நாற்பது ஆண்டு கழித்து நம் வைத்தியம் பெரும்பாலும் செய்வதில்லை.

ஓர் எழுத்து மாறினால் போதும்

இரைப்பை, ஆன்டிபயாடிக்குகளுக்கு வசதியான இடமே அல்ல. முக்கூட்டில் உள்ள இரண்டில், கிளாரித்ரோமைசின் அமிலத்தில் சிதையும். அமாக்சிசிலின், பாக்டீரியா பெருகிக்கொண்டிருக்கும்போது மட்டுமே அதைக் கொல்லும். அமிலம் அதிகமாக இருந்தால் ஹெச். பைலோரி பெருகாமல் பதுங்கிக்கிடக்கும். அதனால்தான் கூட்டில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை இருக்கிறது. நெஞ்செரிச்சலைத் தணிக்க என்று நினைத்து, “எனக்குத்தான் எரிச்சலே இல்லையே” என அதை மட்டும் ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. ஒதுக்கினால் மற்ற இரண்டும் வீண்.

இவ்வளவையும் தாண்டி மருந்து கிருமியைப் போய்ச் சேர்ந்தாலும், அதன் மரபணு மாறியிருந்தால் ஒன்றும் நடக்காது. கிளாரித்ரோமைசின் கொல்லும் விதம் எளிமையானது: பாக்டீரியா தனக்கான புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோமில் போய் அடைத்துக்கொள்ளும். அந்த இடத்து ஆர்.என்.ஏ. சரத்தில் 2142, 2143 என்று எண்ணிடப்பட்ட இரண்டு எழுத்துகளில் ஒன்று மாறிவிட்டால் மருந்து அங்கே ஒட்டாது. டோஸைக் கூட்டிக் கொடுத்தாலும் பலனில்லை. மெட்ரோனிடசோலின் கதை வேறு. அது கிருமிக்குள் நுழைந்த பிறகுதான் நஞ்சாகிறது. நஞ்சாக்குவது கிருமியின் சொந்த நொதி. அந்த நொதிக்கான மரபணு பழுதானால் மருந்து உள்ளே போயும் சும்மா இருக்கும்.

மருத்துவமனைகளில் பீதியைக் கிளப்பும் பல பாக்டீரியாக்கள் மருந்தை எதிர்க்கும் மரபணுக்களைப் பிற இனங்களிடமிருந்தே வாங்கிக்கொள்கின்றன. ஹெச். பைலோரியின் எதிர்ப்பு முக்கியமாக அதன் சொந்த மரபணுவில் நிகழும் பிழைகளால் வருவது. கோடிக்கணக்கில் பெருகும்போது அத்தகைய பிழை எங்காவது ஒன்றில் எப்போதும் இருக்கும். சாதாரண நாட்களில் அதனால் லாபமில்லை. தொண்டைவலிக்கு மூன்று நாள் அசித்ரோமைசின் போடுகிறீர்கள். தொண்டை சரியாகிவிடுகிறது. இரைப்பையில் அந்த மூன்று நாள் மருந்து கிருமியை முழுக்க ஒழிக்கப் போதாது. ஆனால் மருந்துக்கு மசிகிறவற்றைக் கொன்று, பிழையுள்ளவற்றுக்கு இடத்தைக் காலிசெய்து கொடுக்கப் போதும். அசித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் ‘மேக்ரோலைடு’ என்ற ஒரே குடும்பம். ஒன்றுக்குத் தப்பியது மற்றதற்கும் தப்பும். பத்து வருடம் கழித்து வயிற்றுவலி என்று போகும்போது, கிட் தோற்பதற்கான ஏற்பாடு எப்போதோ முடிந்திருக்கும். இன்னும் மோசம், அந்தப் பத்து வருடத்தில் அதே கிருமி உங்கள் பிள்ளையின் வயிற்றுக்கும் போயிருக்கலாம். மருந்தே தொடாத பிள்ளைக்கு மருந்துக்கு மசியாத கிருமி!

இது ஊகம் அல்ல. அலாஸ்காவின் பூர்வகுடி மக்களிடையே நடத்தி 2003இல் வெளியான ஆய்வு ஒன்று இதை நேராகக் காட்டியது. அங்கே மருத்துவச் சேவை ஒரே அமைப்பின் கீழ் இருந்ததால், ஒருவர் முந்தைய பத்தாண்டில் எதற்காக எந்த ஆன்டிபயாடிக் வாங்கினார் என்பது பதிவேட்டில் இருந்தது. அதையும் அவர் வயிற்றிலிருந்து வளர்த்த கிருமியையும் ஒப்பிட்டார்கள். முன்பு மேக்ரோலைடு குடும்ப மருந்து சாப்பிட்டவர்களிடம் கிளாரித்ரோமைசினுக்கு மசியாத கிருமி அதிகம். மெட்ரோனிடசோல் சாப்பிட்டவர்களிடம் அதற்கு மசியாதது அதிகம். கிளாரித்ரோமைசின் கலந்த கூட்டைக் கொடுத்தபோது, மசியும் கிருமி இருந்தவர்களில் சுமார் 13 சதவீதத்தினருக்குத்தான் சிகிச்சை தோற்றது. மசியாத கிருமி இருந்தவர்களில் 77 சதவீதத்தினருக்குத் தோற்றது.

ஐரோப்பாவில் பிரெஞ்சு நுண்ணுயிரியலாளர் பிரான்சிஸ் மெக்ரோவின் குழு இதையே நாடு நாடாகச் செய்தது. எந்த நாட்டில் மக்கள் மேக்ரோலைடு மாத்திரைகளை அதிகம் வாங்குகிறார்களோ அங்கே கிளாரித்ரோமைசின் எதிர்ப்பும் அதிகம். 2008–09இல் 17.5 சதவீதமாக இருந்த அந்த எதிர்ப்பு, 2018இல் 21.4 ஆகியிருந்தது. மெட்ரோனிடசோலுக்கு 38.9. ஜப்பானில் இன்னும் வேகம். அங்கே 2002க்கும் 2005க்கும் நடுவில் மட்டும் கிளாரித்ரோமைசின் எதிர்ப்பு சுமார் 19 சதவீதத்திலிருந்து 28க்குப் போனது. குழந்தைகளின் சளி இருமலுக்குக்கூட அந்த மருந்தைத் தாராளமாக எழுதிய பழக்கத்தையே அங்குள்ள நிபுணர்கள் கைகாட்டுகிறார்கள்.

2017இல் உலக சுகாதார நிறுவனம் புதிய மருந்து அவசரமாகத் தேவைப்படும் பாக்டீரியாக்களை வரிசைப்படுத்தியபோது, கிளாரித்ரோமைசினுக்கு மசியாத ஹெச். பைலோரி ‘உயர் முன்னுரிமை’ வகுப்பில் இடம்பிடித்தது. அடுத்த ஆண்டு 65 நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிய அலசல் ஒன்று, கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல், லெவோஃப்ளாக்சசின் மூன்றுக்குமே பெரும்பாலான வட்டாரங்களில் எதிர்ப்பு 15 சதவீதத்தைத் தாண்டிவிட்டதாகச் சொன்னது. அந்தப் பதினைந்துதான் வல்லுநர்கள் வகுத்த எல்லைக்கோடு. அதற்கு மேல் போனால், சோதிக்காமல் கிளாரித்ரோமைசின் முக்கூட்டைக் கொடுக்கக் கூடாது.

“வயித்தால போகுது, ஏதாச்சும் குடுங்கண்ணே”

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் இந்தக் கிருமியின் மருந்து எதிர்ப்பைப் பற்றிய பெரிய ஆய்வுகளில் முக்கியமான ஒன்றுக்குச் சென்னைத் தொடர்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனும் (மஞ்சள் காமாலைக் கிருமிக்கு எதிராகக் கீழாநெல்லியை ஆராய்ந்து 1988இல் ‘லான்செட்’ இதழ்வரை கொண்டுபோனவர், பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்) பல நகரங்களின் ஆய்வாளர்களும் சேர்ந்து 259 நோயாளிகளின் கிருமிகளைச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். மெட்ரோனிடசோலுக்கு மசியாதவை ஏறத்தாழ 78 சதவீதம். கிளாரித்ரோமைசினுக்கு 45. எதிர்ப்பே அரிது என்று உலகம் நம்பியிருந்த அமாக்சிசிலினுக்குக்கூட மூன்றில் ஒரு பங்கு. ஊருக்கு ஊர் பெரிய வித்தியாசமும் இருந்தது. இருபது ஆண்டுக்கு முந்தைய கணக்கு இது.

மெட்ரோனிடசோல் எண்ணைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அமீபா வயிற்றுப்போக்குக்கு அது அருமையான மருந்து. ஆனால் நம் ஊரில் வயிற்றுப்போக்கு என்றாலே அமீபா என்று முடிவுகட்டிவிடுகிறோம். பல் எடுத்தாலும் அது, பெண்களுக்கு வெள்ளைபடுதல் என்றாலும் அது. அதற்குப் பிறகு இன்னொன்று வந்தது: ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த கூட்டு மாத்திரை. “வயித்தால போகுது, ஏதாச்சும் குடுங்கண்ணே” என்று கடை வாசலில் நின்றால் பல இடங்களில் கையில் வருவது இதுதான். ஆர்னிடசோல் மெட்ரோனிடசோலின் தம்பி. ஆஃப்லாக்சசின் லெவோஃப்ளாக்சசினின் உடன்பிறப்பு. முதல் சிகிச்சை தோற்றால் கைகொடுக்க வேண்டிய இரண்டு மருந்துக் குடும்பங்களுக்கும் ஒரே மாத்திரையால், இரண்டே நாளில், இரைப்பைக் கிருமிக்குப் பயிற்சி கொடுத்துவிடுகிறோம். அந்த வயிற்றுப்போக்கோ அநேகமாக வைரஸால் வந்து தானாகவே நின்றுபோகிற ரகம். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் போதும். 1971இல் இந்தியாவுக்கு வந்த வங்கதேச அகதிகளின் முகாமில் அந்தக் கரைசலை வைத்தே மருத்துவர் திலீப் மகலனாபிஸ் ஆயிரக்கணக்கான காலரா நோயாளிகளைப் பிழைக்க வைத்தார். உலகுக்கே அதைச் செய்துகாட்டிய நாட்டில்தான் கடைக்காரர் மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக்கொண்டிருக்கிறார்.

அசித்ரோமைசின் விஷயம் இன்னும் பெரிது. இந்தியாவின் தனியார் மருந்துச் சந்தையில் 2019இல் எல்லா ஆன்டிபயாடிக்குகளிலும் அதிகம் நுகரப்பட்டது அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை என்று 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொரோனாவுக்கு முந்தைய கணக்கு அது. அதற்குப் பிறகு காய்ச்சல் வந்த வீடுகளில் எல்லாம் அந்த மாத்திரை எப்படிப் புழங்கியது என்பது ஊரறிந்தது. ஒரு வைரஸ் நோய்க்காக இத்தனை கோடி இரைப்பைகளில் மேக்ரோலைடு இறங்கியதன் விலையை அல்சர் வைத்தியம் வருங்காலத்தில்தான் கட்டப்போகிறது என்பது என் கணிப்பு.

சட்டம் இல்லாமல் இல்லை. மருந்துச் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது. சில மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைக்கச் சொல்லும் ‘எச்1’ அட்டவணை 2014இல் நடைமுறைக்கு வந்தது. பட்டையில் சிவப்புக் கோடு பார்த்து வாங்குங்கள் என்று 2016இல் மத்திய அரசு விளம்பரம் செய்தது. கேரளம் 2024இல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று பெயர் வைத்துச் சீட்டில்லா விற்பனையைப் பிடிக்க மருந்துக் கடைகளில் திடீர்ச் சோதனை நடத்தியது. ஆனால் பழியைக் கடைக்காரர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது. முந்நூறு ரூபாய் ஃபீஸும் அரை நாள் கூலியும் போகும் என்று டாக்டரிடம் போகாதவர்தான் கடை வாசலில் நிற்கிறார். போனாலும், டாக்டர் எழுதும் சீட்டில் அதே கூட்டு மாத்திரை இருக்காது என்பதற்கு உத்தரவாதமில்லை.

ரிப்போர்ட் கார்டு

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர மருத்துவர் டேவிட் கிரஹாம் இந்தத் துறையின் கறார்ப் பேர்வழி. நிமோனியாவுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ கொடுக்கும் மருந்து பத்தில் மூன்று பேருக்குத் தோற்றால் அதை யாராவது தொடர்ந்து எழுதுவார்களா, இந்தக் கிருமிக்கு மட்டும் ஏன் இத்தனை சலுகை என்பது அவர் கேள்வி. 2007இல் அவர் ஒரு ரிப்போர்ட் கார்டே போட்டார். 95 சதவீதம் குணப்படுத்தினால் ‘ஏ’. எண்பதும் அதற்குக் கீழும் ‘ஃபெயில்’. அந்த மதிப்பெண்ணில் பழைய முக்கூட்டு உலகின் பெரும்பகுதியில் ஃபெயில்தான்.

அப்படியென்றால் முன்கூட்டியே சோதித்துவிட்டு மருந்து கொடுப்பதுதானே? சிறுநீர்த் தொற்றென்றால் கல்ச்சருக்கு அனுப்புகிறோம், இரண்டொரு நாளில் பதில் வருகிறது. இங்கேதான் பெர்த் நகரத்து ஈஸ்டர் விடுமுறை திரும்பி வந்து நிற்கிறது. இந்தக் கிருமியை வளர்க்க என்டோஸ்கோப்பி செய்து துணுக்கு எடுக்க வேண்டும். அதை வாடவிடாமல் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆக்சிஜன் குறைந்த காற்றில், நாட்கணக்கில் காத்து வளர்க்க வேண்டும். பாதி நேரம் வளராது. அதைச் செய்யத் தெரிந்த, செய்ய விரும்புகிற லேப் சில பெருநகரங்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். ஆகவே மருத்துவர் குத்துமதிப்பில் எழுதுகிறார். மலத்திலிருந்தோ துணுக்கிலிருந்தோ மரபணுவை எடுத்து, அந்த 2142, 2143ஆம் எழுத்துகள் மாறியிருக்கின்றனவா என்று பி.சி.ஆர். முறையில் பார்த்துவிடும் சோதனைகள் வந்துவிட்டன. கொரோனா காலம் சிறு நகரங்களிலும் பி.சி.ஆர். கருவிகளை விட்டுப்போயிருக்கிறது. அவற்றை இந்த வேலைக்குத் திருப்பிவிட யாருக்கும் தோன்றாதது வியப்புத்தான்.

சோதனை இல்லாத இடத்தில் என்ன செய்வது? 2022இல் வந்த ஐரோப்பிய வல்லுநர்களின் ஆறாவது மாஸ்ட்ரிக்ட் அறிக்கையும் 2024இன் அமெரிக்க வழிகாட்டுதலும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்கின்றன: பிஸ்மத் நாற்கூட்டு, 14 நாள். பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமிலம் குறைக்கும் மருந்து. மார்ஷல் தன் நோயாளிக்குக் கொடுத்த அதே பிஸ்மத், அதே மெட்ரோனிடசோல்! சிட்னியில் தாமஸ் பொரோடி டெட்ராசைக்ளினைச் சேர்த்து 1980களிலேயே வெற்றி கண்ட கூட்டின் வாரிசு இது. நவீன முக்கூட்டு வந்ததும் ‘பழைய வைத்தியம்’ என்று ஓரங்கட்டப்பட்டது இப்போது முன்வரிசைக்கு வந்திருக்கிறது. பிஸ்மத் ஓர் உலோகம். அதற்குக் கிருமி பழகிக்கொண்டதாகத் தெரியவில்லை. மெட்ரோனிடசோலுக்குச் சோதனைச் சாலையில் மசியாத கிருமிகூட, பிஸ்மத்தோடு சேர்த்து முழு அளவில் 14 நாள் கொடுத்தால் பெருமளவு மசிந்துவிடுகிறது. கிளாரித்ரோமைசினுக்கு இந்தச் சலுகை கிடையாது.

குறை என்னவென்றால், அதைச் சாப்பிட்டு முடிப்பது. ஒரு நாளைக்குப் பதினான்கு, பதினைந்து மாத்திரை. வாயெல்லாம் இரும்பு நக்கிய மாதிரி ஒரு கசப்பு. நாக்கும் மலமும் கறுத்துப்போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரத்தம் போகிறதென்று நோயாளி பயந்து நான்காம் நாளே நிறுத்திவிடுவார். மெட்ரோனிடசோல் சாப்பிடும்போது மது தொடக் கூடாது. இரண்டு வாரம் டாஸ்மாக் பக்கம் போகாதே என்றால் சிலருக்கு அல்சரே தேவலை. இதற்கெல்லாம் மேலாக, டெட்ராசைக்ளின் மலிவான பழைய மருந்து என்பதால் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாக டாக்சிசைக்ளினைக் கொடுத்துச் சமாளிக்கிறார்கள். அது அந்த அளவுக்குப் பலன் தருவதில்லை.

புதிய வரவு வோனோபிரசான். ஆன்டிபயாடிக் அல்ல, அமிலத்தைப் பழைய மாத்திரைகளைவிட வேகமாகவும் நிலையாகவும் அடக்கும் மருந்து. ஜப்பானில் 2015இலிருந்து விற்கிறது, அண்மையில் இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. அமிலம் அடங்கினால் கிருமி பெருகத் தொடங்கும், அமாக்சிசிலின் பிடித்துக்கொள்ளும் என்பது கணக்கு. ரிஃபாபுட்டின் கலந்த ஒரு கூட்டுக்கு அமெரிக்கா 2019இல் அனுமதி கொடுத்தது. இங்கே அதைத் தொடுவதற்கு மருத்துவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. ரிஃபாபுட்டின் காசநோய் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகின் காசநோயாளிகளில் கால்வாசிப் பேரை வைத்திருக்கும் நாட்டில், அல்சருக்காக அந்தக் குடும்பத்தைச் செலவழிக்க முடியாது.

எல்லாருக்கும் கொடுத்துவிடலாமா?

மருந்து எதிர்ப்பைப் பற்றிப் பேசும் அதே நேரத்தில், அறிகுறியே இல்லாத லட்சக்கணக்கானவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுப்பது பற்றியும் உலகம் பேசிக்கொண்டிருக்கிறது. காரணம் புற்றுநோய். தைவானின் மட்சு தீவுகளில் 2004 முதல் ஊர் முழுக்கச் சோதித்துக் கிருமியை விரட்டினார்கள். இரைப்பைப் புற்றுநோய் பாதியாகக் குறைந்தது. சீனாவின் லின்சூ மாவட்டத்தில் 980 கிராமங்களில் 1,80,000க்கு மேற்பட்டவர்களைச் சேர்த்து நடத்திய சோதனையின் முடிவு 2024இல் வந்தது. முழு அளவு சிகிச்சை பெற்ற கிராமங்களில் புற்றுநோய் 14 சதவீதம் குறைவு. புற்றுநோய் மலிந்த இடங்களில் இது சின்ன லாபமல்ல.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஸ்வீடனில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களின் குடலை ஆராய்ந்தபோது, கிளாரித்ரோமைசினுக்கு மசியாத வேறு பாக்டீரியாக்கள் சிலரிடம் மூன்று ஆண்டு வரைக்கும் நீடித்திருந்தன. வெறும் ஒரு வார மருந்துக்கு இது. தொண்டைக்கான மாத்திரை வயிற்றுக் கிருமியைப் பழக்குவது போலவே, வயிற்றுக்கான மாத்திரை குடல் கிருமிகளையும் பழக்குகிறது.

இந்தியாவின் நிலை இதில் விசித்திரம். கிருமி ஏராளம், இரைப்பைப் புற்றுநோயோ அந்த விகிதத்தில் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் ‘இந்தியப் புதிர்’ என்றே பெயரிட்டுவிட்டார்கள். மிசோரமின் ஐஸ்வால் விதிவிலக்கு. சென்னையும் நாட்டின் பல பெருநகரங்களைவிட மேலே. இந்தப் புதிர் அவிழாதவரை, கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எல்லாருக்கும் கொடுப்பது இங்கே பொருந்தாது. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் ரத்தத்தில் ‘பாசிட்டிவ்’ வந்ததென்று கிட் வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது கவலைதான் வருகிறது. ரத்தச் சோதனை, கிருமி என்றோ இருந்ததை மட்டுமே சொல்லும். இப்போது இருக்கிறதா என்று சொல்லாது. அல்சர் உள்ளவர், ரத்தம் கசிந்தவர், குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் கண்டவர், நெடுநாள் வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ எடுக்க வேண்டியவர்: இவர்களுக்குக் கட்டாயம் தேவை. அப்படித் தேவைப்பட்டால் முதல் தடவையே சரியான கூட்டு, முழு 14 நாள். ஏனென்றால் தோற்ற ஒவ்வொரு சிகிச்சையும் கிருமியைத் தேர்ந்தெடுத்து வலுவாக்கிவிட்டுப் போகிறது. இரண்டாவது முறை அதே மருந்தைத் திரும்பக் கொடுத்தால் நேரம்தான் வீண்.

டாக்டரிடம் போகும்போது வயிற்றைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. கடந்த இரண்டு மூன்று ஆண்டில் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் சீட்டுகள் வீட்டில் எங்காவது கிடந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். அசித்ரோமைசின் எடுத்திருந்தால் கிளாரித்ரோமைசின் கலந்த கூட்டை அவர் தவிர்ப்பார். அலாஸ்காவில் பதிவேடு செய்த வேலையை இங்கே நோயாளியின் ஞாபகம்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

கோர்ஸ் முடிந்த பிறகு வலி போய்விட்டால் கிருமியும் போய்விட்டதென்று அர்த்தமில்லை. ஆன்டிபயாடிக்கும் பிஸ்மத்தும் நிறுத்தி நான்கு வாரமாவது ஆன பிறகு, அமிலம் குறைக்கும் மாத்திரையை டாக்டரைக் கேட்டுக்கொண்டு இரண்டு வாரம் விட்டுவிட்டு, மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்து பார்க்க வேண்டும். மூச்சுச் சோதனையில் யூரியா கலந்த ஒரு மடக்கைக் குடித்து, சற்றுப் பொறுத்து ஒரு பையில் ஊத வேண்டும். கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் நொதியே காட்டிக்கொடுத்துவிடும். அமிலம் குறைக்கும் மாத்திரையை விடாமல் போய் ஊதினால் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று வந்துவிடக்கூடும். தினமும் வெறும் வயிற்றில் ஒன்று என்று ஆண்டுக்கணக்கில் அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நம் ஊரில், சோதனை மேசையில் ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.